ஆங்கிலத்தில் பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது? புதிய ஆசிரியர்களுக்கு ஒரு சோதனை வழிகாட்டி

ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்து ஆறாம் வகுப்புக்கோ ஏழாம் வகுப்புக்கோ ஆங்கிலம் எடுக்கப் போகிறீர்கள். முதல் வாரமே தலைமையாசிரியர், "பிள்ளைங்க லெவல் என்னன்னு ஒரு டெஸ்ட் வெச்சுப் பாருங்க" என்பார். பெரும்பாலானவர்கள் உடனே 25 மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் தயார் செய்வார்கள். பாடத்திலிருந்து ஐந்து கேள்வி, இலக்கணத்தில் ஐந்து, கடைசியில் ஒரு கட்டுரை. நாற்பது பேரில் பதினைந்து பேர் 5-க்குக் கீழே வாங்குவார்கள். சரி, அந்தப் பதினைந்து பேருக்கும் நாளைக் காலையில் என்ன சொல்லிக்கொடுப்பது? அதை அந்தத் தாள் சொல்லாது. ஒருவனுக்கு எழுத்தே முழுதாகத் தெரியாது. ஒருத்தி கடகடவென்று வாசிப்பாள், பொருள் தெரியாது. இன்னொருத்திக்குப் பொருள் தெரியும், விடையை ஆங்கிலத்தில் எழுத வராது. மூன்று பேருக்கும் 3 மதிப்பெண்தான்.

அதனால் ஒரு கேள்வி ஒரு விஷயத்தை மட்டும் சோதிக்கட்டும். வாசிப்பைச் சோதிக்கும்போது எழுதச் சொல்லாதீர்கள். பொருள் புரிந்ததா என்று பார்க்கும்போது ஆங்கிலத்தில் விடை கேட்காதீர்கள். கீழே இருக்கும் ஒவ்வொரு படியும் இதைத்தான் செய்கிறது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளை மனதில் வைத்து எழுதுகிறேன். மாலையில் ட்யூஷன் எடுப்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

முதல் படி: தனித்தனியாக வாசிக்கக் கேளுங்கள்

எழுத்துத் தேர்வுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். மற்ற எதைக் குறைத்தாலும் இதை விட்டுவிடாதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஏழாம் வகுப்பில் எனக்கு ஒரு பையன் இருந்தான். வகுப்பில் எழுப்பினால் புத்தகத்தைக் கையில் பிடித்து, வரிக்கு வரி விரல் வைத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி அழகாக வாசிப்பான். ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். பக்கத்தின் கடைசி வரி முடிந்தது. தாளைத் திருப்பவில்லை. ஆனால் அடுத்த பக்கத்தில் இருப்பதையும் சொல்லிக்கொண்டே போகிறான், விரல் மட்டும் அந்தக் கடைசி வரியிலேயே நிற்கிறது. நடுவில் இருந்த 'வென்ட்' என்ற சொல்லைத் தொட்டு, "இது என்னப்பா?" என்றேன். வரியின் தொடக்கத்திலிருந்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் நிறுத்தி, "வென்ட்" என்றான். எட்டாம் வாய்ப்பாட்டில் எட்டேழு எவ்வளவு என்று கேட்டால் முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருவோமே, அப்படி. ஆறு வருடமாக அவனை யாரும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டிருக்கவில்லை.

ஆகவே பாடப் புத்தகப் பத்தி வேண்டாம். ஒரு தாளில் நீங்களே நாலு கட்டம் தயார் செய்யுங்கள். முதல் கட்டத்தில் வரிசை மாற்றிப் பத்துச் சின்ன எழுத்துகள். வட்டமும் கோடும் சேர்ந்து வரும் அந்த நாலு எழுத்துகளும் அதில் கட்டாயம் இருக்கட்டும். வட்டம் இடப்பக்கமா வலப்பக்கமா, கோடு மேலேயா கீழேயா என்பதில் பெரிய வகுப்புப் பிள்ளைகளும் குழம்புவார்கள். இரண்டாவது கட்டத்தில் 'கேட்', 'சன்', 'பிக்' மாதிரி மூன்றெழுத்துச் சொற்கள் பத்து. மூன்றாவதில் ஐந்து சின்ன வாக்கியங்கள். நாலாவதில் ஐம்பது அறுபது சொல்லில் ஒரு குட்டிக் கதை. எழுத்து பெரியதாக, வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளியோடு இருக்க வேண்டும்.

இந்தக் கட்ட முறை புதிதல்ல. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் ஏசர் என்ற கல்வி ஆய்வில், வீட்டுக்கே போய்ப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு தாளை நீட்டித்தான் தாய்மொழி வாசிப்பைச் சோதிக்கிறார்கள். பத்தியில் ஆரம்பிப்பார்கள், சரளமாக வந்தால் கதைக்குப் போவார்கள், தடுமாறினால் சொல்லுக்கு, அதிலும் தடுமாறினால் எழுத்துக்கு இறங்குவார்கள். நீங்களும் மூன்றாவது கட்டத்தில் தொடங்கி மேலேயோ கீழேயோ போங்கள். எல்லாரையும் எழுத்திலிருந்து ஆரம்பிக்கவைத்தால் நேரமும் போகும், நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கு மனசும் சுருங்கும்.

ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். நாற்பது பேருக்கு இரண்டு மணி நேரம், அதாவது மூன்று பீரியடுக்குள் முடிந்துவிடும். மற்றவர்களுக்குப் படம் வரையவோ எழுதவோ ஏதாவது கொடுத்துவிட்டு, வராந்தாவில் ஒரு மேசை போட்டுக்கொள்ளுங்கள். வகுப்புக்கு முன்னால் நிற்கவைத்து வாசிக்கச் சொல்ல வேண்டாம். பயத்தில் வாசிக்கிற வாசிப்பு பயத்தைத்தான் காட்டும்.

உங்கள் கையிலும் அதே தாளின் ஒரு நகல் இருக்க வேண்டும். பிள்ளை தவறாக வாசித்த சொல்லின் மேல் கோடு போட்டு, என்ன சொன்னான் என்று அதன் தலையில் எழுதுங்கள். தானே திருத்திக்கொண்டால் 'தா' என்று போடுங்கள். அது தவறில்லை, நல்ல அடையாளம். ஒரு சொல்லில் ஐந்து நொடிக்கு மேல் நின்றுவிட்டால் நீங்களே சொல்லிக்கொடுத்து மேலே போகவிட்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் "தப்பு" என்று சொல்ல வேண்டாம். முகத்திலும் காட்ட வேண்டாம்.

அப்புறம் அந்தத் தாளை நிதானமாகப் பாருங்கள். என்ன சொன்னான் என்று எழுதிவைத்தீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. 'ஹவுஸ்' என்பதை 'ஹார்ஸ்' என்று வாசித்தால், முதல் எழுத்தையும் கடைசி எழுத்துகளையும் பார்த்து ஊகிக்கிறான். நடுவில் வரும் உயிரெழுத்துகளைச் சொல்லித்தர வேண்டும். 'ஹவுஸ்' என்பதை 'ஹோம்' என்று வாசித்தால், பொருளைத் தொடர்ந்து போகிறான், எழுத்தில் கவனம் இல்லை. இரண்டும் ஒரு தவறுதான், வைத்தியம் வேறு. ஒரு பிள்ளை சரியாக வாசித்தும் உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால், பொருளே இல்லாத 'மெக்', 'லோஷ்' மாதிரி நாலு சொல் எழுதிக் கொடுங்கள். இவற்றை யாரும் மனப்பாடம் செய்திருக்க முடியாது. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு (ஐந்து, ஆறு வயது) நடக்கும் ஒலிப்புச் சோதனையில் 40 சொற்களில் 20 இப்படிப்பட்ட போலிச் சொற்கள்தான். குழப்பம் வராமல் இருக்க அவற்றின் பக்கத்தில் ஒரு வேற்றுக்கிரகவாசிப் படம் போட்டிருப்பார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்றோ, 'ஃபிஷ்' என்பதை 'பிஷ்' என்றோ சொன்னால் அது வாசிப்புத் தவறு இல்லை. அது நம் வாயின் பழக்கம். அதற்குக் கோடு போட்டால் நன்றாக வாசிக்கிற பிள்ளையைத் தவறான பட்டியலில் சேர்த்துவிடுவீர்கள்.

இரண்டாம் படி: பொருள் புரிகிறதா

பத்தியைக் கொடுத்துக் கீழே ஐந்து கேள்வி கேட்பது எல்லாரும் செய்வதுதான். அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'த டோமர் ப்ளிக்டு எ கிரான் இன் த வெஸ்க்.' இதில் பாதிச் சொற்கள் நான் சும்மா இட்டுக்கட்டியவை. இப்போது கேள்வி: 'வேர் டிட் த டோமர் ப்ளிக் எ கிரான்?' விடை 'இன் த வெஸ்க்' என்று நீங்கள் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். முழு மதிப்பெண். டோமர் யார், கிரான் என்ன, எதுவும் தெரிய வேண்டியதில்லை. கேள்வியில் இருக்கிற சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து அந்த வரியை அப்படியே எழுதுவதில் நம் பிள்ளைகள் கைதேர்ந்தவர்கள். அதனால் மதிப்பெண் வருகிறது, வாசிப்பு வருவதில்லை.

இந்த ஓட்டையை அடைக்க, பத்தியில் நேரடியாக எழுதப்படாத ஒன்றைக் கேளுங்கள். 'இட் ரெயின்டு ஆல் நைட். இன் த மார்னிங், முத்து லுக்டு அட் த ஸ்கை அண்ட் புட் ஹிஸ் பேட் பேக் அண்டர் த காட்.' கேள்வி: முத்து ஏன் மட்டையைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் வைத்தான்? மழையால் விளையாட முடியாது என்று பத்தி எங்கேயும் சொல்லவில்லை. பொருள் புரிந்த பிள்ளைதான் சொல்ல முடியும். இந்தக் கேள்வியை நான் தமிழிலேயே கேட்பேன், தமிழில் விடை சொன்னாலும் முழு மதிப்பெண் போடுவேன். இதற்குச் சிலர் முகம் சுளிப்பார்கள், "இங்கிலீஷ் டெஸ்ட்ல தமிழா?" என்று. நாம் இங்கே சோதிப்பது ஆங்கிலம் வாசித்துப் புரிந்துகொள்வதை. எழுதுவதற்குத் தனியாக ஒரு சோதனை இருக்கத்தான் போகிறது.

ஒரு பத்திக்கு நாலு கேள்வி போதும்: நேராகப் பத்தியில் இருப்பது ஒன்று, இரண்டு வரிகளைச் சேர்த்தால் கிடைப்பது ஒன்று, முத்துவின் மட்டை மாதிரி ஊகிக்க வேண்டியது ஒன்று, பத்தியை வைத்து ஒரு சொல்லின் பொருளைக் கண்டுபிடிப்பது ஒன்று. பத்தியின் விஷயம் பிள்ளைக்குத் தெரிந்த உலகமாக இருக்கட்டும். பனிச்சறுக்கு பற்றிய பத்தியைக் கொடுத்தால், ஆங்கிலம் புரியவில்லையா பனிச்சறுக்கு புரியவில்லையா என்று உங்களுக்கே தெரியாது.

மூன்றாம் படி: இலக்கணம்

'சேஞ்ச் இன்டு பேஸிவ் வாய்ஸ்' என்று ஐந்து கேள்வி கொடுத்தால், சூத்திரம் தெரிந்த பிள்ளை ஐந்துக்கு ஐந்து வாங்கும். அதே பிள்ளை அடுத்த நிமிடம் 'ஐ ஆம் கோ டு மார்க்கெட்' என்று எழுதும். சூத்திரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டாம், பயன்படுத்த வருகிறதா என்று பாருங்கள்.

எதைச் சோதிப்பது? இதற்கு நம் தமிழைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிள்ளை செய்கிற தவறுகளில் பல, தமிழ் சரியாகத் தெரிந்ததால் வருபவை. தமிழில் 'போறேன்' என்றால் தினமும் போவதும் அதுதான், இப்போது போய்க்கொண்டிருப்பதும் அதுதான். அதனால்தான் 'ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் டெய்லி' என்று வருகிறது. 'ரெண்டு மாடு', 'அஞ்சு பேனா' என்றால் தமிழில் தவறே இல்லை, எண் வந்த பிறகு 'கள்' தேவைப்படாது; அது ஆங்கிலத்தில் 'டூ கவ்', 'ஃபைவ் பென்' ஆகிறது. வீட்ல, பஸ்ல, ஜூன்ல என்று எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே உருபு. ஆங்கிலத்தில் 'இன்', 'ஆன்', 'அட்' என்று பிரித்துப் போட வேண்டும். 'எ', 'த' என்பதற்கு நேரான சொல் நம்மிடம் இல்லை. 'ஏன் லேட்டா வந்தே?' என்பதில் 'டிட்' மாதிரி எதுவும் இல்லாததால் 'வொய் யூ கேம் லேட்?' வருகிறது. 'அவன் போறான்', 'நான் போறேன்' என்று வினைமுற்றை மாற்றத் தெரிந்த பிள்ளைதான். ஆங்கிலத்தில் 'ஹி கோஸ்' என்ற ஒரே இடத்தில்தான் மாறும் என்பது அதற்குப் பிடிபடவில்லை.

இந்த ஆறு இடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு கேள்வி, மொத்தம் 24. ஏன் நாலு? மூன்று தெரிவு கொடுத்து ஒரே கேள்வி கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு வட்டமிடுகிற பிள்ளைக்கும் மூன்றில் ஒரு வாய்ப்பு. நாலு கேள்விக்கும் ஊகத்திலேயே சரியாக வட்டமிட 81-ல் ஒரு வாய்ப்புதான். நாலுக்கு நாலு என்றால் தெரியும், ஒன்றோ இரண்டோ என்றால் தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று வந்தால், அந்தப் பிள்ளையின் எழுத்தில் அதே விஷயம் எப்படி வருகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி வாக்கியங்களில் கடினமான சொல் வரக் கூடாது. 'ஷி ____ (ஈட் / ஈட்ஸ் / ஈட்டிங்) இட்லி எவ்ரி டே' போதும். இட்லி இருக்கிற இடத்தில் தெரியாத ஒரு சொல்லைப் போட்டால் அது சொல்வளச் சோதனையாக மாறிவிடும்.

பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வில் ரோடு மேப்பைக் கொடுத்து, வழி கேட்கும் ஒருவருக்கு வழி சொல்லச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. இலக்கணத்தைப் பெயர் சொல்லிக் கேட்காமல் பயன்படுத்தவைக்கிறது. ஆறாம் வகுப்பிலேயே பள்ளி வாசலிலிருந்து சத்துணவுக் கூடத்துக்கு வழி சொல்லச் சொல்லிப் பாருங்கள். 'கோ ஸ்ட்ரெய்ட்', 'டர்ன் லெஃப்ட்', 'நெக்ஸ்ட் டு' இவை வாயில் வருகிறதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நாலாம் படி: எழுத்து

இதில் இரண்டு தனித்தனி வேலை. ஒன்று டிக்டேஷன், இன்னொன்று சொந்தமாக எழுதுவது.

டிக்டேஷனுக்குப் பத்துச் சொல்லும் இரண்டு சின்ன வாக்கியமும் போதும். ஒவ்வொன்றையும் மூன்று முறை சொல்லுங்கள். திருத்தும்போது சரி, தவறு என்று மட்டும் பார்க்காதீர்கள். 'ஸ்கூல்' என்பதை ஒரு பிள்ளை எஸ்-கே-யூ-எல் என்று எழுதுகிறது. இன்னொன்று எஸ்-எல்-ஓ-சி என்று எழுதுகிறது. முதல் பிள்ளைக்கு ஒலி கேட்கிறது, ஒலிக்கு எழுத்தும் தெரிகிறது. அந்தச் சொல்லின் வழக்கமான எழுத்துக்கூட்டல் மட்டும்தான் தெரியவில்லை. இரண்டாவது பிள்ளை எப்போதோ பார்த்த எழுத்துகளை அடுக்குகிறது. ஒலியிலிருந்து தொடங்க வேண்டும். முதல் பிள்ளைக்கு அரை மதிப்பெண்ணாவது கொடுங்கள்.

சொந்தமாக எழுதுவதற்குத் தலைப்பு முக்கியம். 'மை ஸ்கூல்', 'த கவ்', 'மை மதர்' வேண்டவே வேண்டாம். அவற்றுக்கெல்லாம் கைடில் பத்து வரி இருக்கிறது, பிள்ளையின் தலையிலும் இருக்கிறது. யாரும் எழுதிவைத்திருக்க முடியாத ஒன்றைக் கேளுங்கள்: இன்று காலை எழுந்ததிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை என்ன நடந்தது? ஐந்து வாக்கியம் போதும்.

கடற்கரையோரப் பள்ளி ஒன்றில் இருந்தபோது ஆறாம் வகுப்பில் இதைத்தான் கேட்டேன். ஒரு பிள்ளை எழுதியது: 'மை ஃபாதர் கோ டு சீ. ஹி கம் மார்னிங். டுடே நோ ஃபிஷ். மதர் நோ டாக். ஐ ட்ரிங்க் டீ அண்ட் கம் ஸ்கூல்.' சிவப்புப் பேனாவை எடுத்தால் ஒவ்வொரு வரியிலும் வேலை இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை நினைத்ததை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டது. அன்று காலை அந்த வீடு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்திலிருந்த தாளில் 'மை ஸ்கூல் இஸ் எ பியூட்டிஃபுல் ஸ்கூல்' என்று ஆரம்பித்து ஒரு பிழையும் இல்லாமல் எட்டு வரி. கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று. எழுத்துத் திறன் எந்தத் தாளில் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய முறையில் திருத்தினால் முதல் பிள்ளைக்கு 2, இரண்டாவதற்கு 9.

அதனால் மதிப்பெண்ணை நாலாகப் பிரியுங்கள். சொல்ல வந்ததைச் சொன்னதா, வாக்கியம் வாக்கியமாக இருக்கிறதா, இலக்கணம், எழுத்துக்கூட்டலும் நிறுத்தக்குறியும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மேலே சொன்ன பிள்ளைக்கு நான் போட்டது 3, 2, 0, 3. இப்படிப் பிரித்ததும் அடுத்த மாதம் என்ன சொல்லித்தர வேண்டும் என்பது தாளிலேயே தெரிந்தது: வினைச்சொல்லின் இறந்த காலம். கையெழுத்துக்கு இதில் மதிப்பெண் வேண்டாம். அதற்கு நாலு கோடு நோட்டு இருக்கிறது.

சோதனை நாளில்

எல்லாவற்றையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். வாசிப்பு ஒரு வாரம், இலக்கணம் ஒரு நாள், எழுத்து இன்னொரு நாள். என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் சொல்லி, ஒரு மாதிரிக் கேள்வியைப் போர்டில் போட்டுச் செய்து காட்டிவிட்டுத் தொடங்குங்கள். இது ரேங்க் போடுவதற்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், அப்புறம் மதிப்பெண்ணை வகுப்பில் வாசிக்கவும் வேண்டாம்.

தாளை முகத்துக்கு மிக அருகில் பிடிக்கிற பிள்ளை, போர்டைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிற பிள்ளை, டிக்டேஷனில் பக்கத்துத் தாளையே பார்க்கிற பிள்ளை, இவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டதும் வாசிக்க ஆரம்பித்த பிள்ளைகள் உண்டு. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே மாதிரி எழுத்துகள் குழம்பி, பல வாரம் உழைத்தும் நகராமல் இருந்தால் 'மெல்லக் கற்போர்' என்று எழுதி மூடிவிட வேண்டாம். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டுங்கள். கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இடம்பெற்ற ஒன்று. பெயர் வைப்பது நம் வேலையில்லை, உரியவரிடம் அனுப்புவது நம் வேலை.

குறித்துவைப்பது

ஒரே ஒரு பெரிய தாள் போதும். இடப்பக்கம் பெயர்கள். மேலே கட்டங்கள்: எழுத்து, சொல், வாக்கியம், கதை, பொருள், இலக்கணத்தின் ஆறு இடங்கள், டிக்டேஷன், சொந்தமாக எழுதியதன் நாலு பகுதி. வந்தால் டிக், வராவிட்டால் காலி. மொத்த மதிப்பெண்ணுக்குக் கட்டம் போடாதீர்கள். போட்டால் கண் அங்கேதான் போகும். தாளை மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒரு கட்டம் முப்பது பேருக்குக் காலியாக இருந்தால் அதை வகுப்புக்கே நடத்த வேண்டும். ஐந்து பேருக்குக் காலி என்றால் அந்த ஐந்து பேரைச் சேர்த்து மதிய இடைவேளைக்குப் பின் பத்து நிமிடம்.

எட்டு வாரம் கழித்து அதே அளவில் வேறு கதை, வேறு வாக்கியங்களை வைத்து மறுபடி பாருங்கள். காலியாக இருந்த கட்டங்களுக்கு மட்டும் வைத்தால் போதும். வேறு நிறப் பேனாவால் டிக் போடுங்கள்.

பெற்றோர் வரும்போது இந்தத் தாள் கையில் இருக்கட்டும். "உங்க பையன் இங்கிலீஷ்ல வீக்" என்று சொன்னால் அந்த அம்மாவால் வீட்டில் என்ன செய்ய முடியும்? "சொல் தனியா வாசிக்கிறான்மா. வாக்கியமா வந்தா நிக்கிறான். தினமும் இந்தத் தாளைப் பத்து நிமிஷம் உங்க பக்கத்துல உக்காந்து சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. உங்களுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டாம், பக்கத்துல இருந்தா போதும்" என்று சொல்லி ஐந்து வாக்கியம் எழுதிய ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.